ஏழு நிமிசம் நாப்பது செகண்டு

உக்காருங்க டாக்டரம்மா. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தக் கட்டில்லயே உக்காருங்க. ஆமா, நான்தான் சண்முகத்தாய். பெரியாஸ்பத்திரியில ஆயா வேலை. பதினஞ்சு வருசமாகுது, இன்னும் காண்ட்ராக்ட்டுதான். புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க, உன்னைத் தேடுறாங்கன்னு வாட்ச்மேன் நேத்தே சொன்னாரு. மறுபடியும் ஒத்திகை ஆரம்பிக்கிறீங்க, நோயாளியா படுக்க ஆள் வேணும், அதானே? ஃபைலைப் பாத்திருப்பீங்க. முதல் வருசத்தை விட்டா, அடுத்து ஆறு வருசமும் என் பேருதான் இருக்கும். வேற எவ பேரும் இருக்காது.

வர மாட்டேன்னு சொல்லலை. வாரேன். ஆனா நீங்க இந்தத் தெருவுக்குள்ள வந்து என் வீட்டை விசாரிச்சப்போ, அந்தத் தண்ணி டேங்குப் பக்கம் நிக்கிற பொம்பளைங்க உங்களை ஒரு மாதிரி பாத்திருப்பாங்க. பாத்தாங்களா? பாப்பாங்க. அவங்க என்கிட்ட முகங்கொடுத்துப் பேசி நாளாச்சு. பேப்பர்ல என் படம் வந்த நாள்லேர்ந்து அவளுகளுக்கு ஒரு இது. அதை விடுங்க. எனக்கு அவங்களைப் பத்திக் கவலை இல்ல. என் கவலை எல்லாம் குருசாமியைப் பத்தித்தான். என் தங்கச்சி மாரீஸ்வரி புருசன். மூணு தெரு தள்ளித்தான் வீடு. நாலு வருசமா என்கூடப் பேச்சு கிடையாது. என் தங்கச்சி பெத்த பிள்ளை, தர்ஷினின்னு பேரு, அவளை என் வாசல் மிதிக்க விட மாட்டேங்கான். எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. அவளை இந்தக் கையில குளிப்பாட்டி வளத்திருக்கேன். நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? நீங்க படிச்சவங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

முதல்ல ஒத்திகை எப்படி நடக்கும்னு சொல்றேன். நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க, நேர்ல பாத்திருக்க மாட்டீங்க. எங்கேயோ ஒரு நாட்டுல புதுக் காய்ச்சல் வந்திருக்குன்னு செய்தி வந்துச்சு, அதுலேர்ந்து வருசத்துக்கு ஒருக்க எங்க ஆஸ்பத்திரியில ஒத்திகை பாக்கணும்னு ஆர்டர் வந்துச்சு. தொத்து நோய்க்காரங்க ஒருத்தர் வந்தா எம்புட்டு நேரத்துல உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறோம்னு மேலேயிருந்து வந்து பாப்பாங்க. மார்க் போடுவாங்க. முதல் வருசம் அந்தோணிராஜ்னு ஒரு வார்டு ஆளைத்தான் நோயாளியா படுக்க வச்சாங்க. அவன் எண்பத்தஞ்சு கிலோ. சறுக்கல்ல ஸ்ட்ரெச்சரைத் தள்ளிட்டு ஏறும்போது தள்ளினவனுக்குக் கை வழுக்கி, இவன் கீழே விழுந்து, நிஜமாவே இடுப்புப் பிடிச்சு பத்து நாள் லீவு. அன்னைக்கு நான் ஓரமா மாப்பு கட்டையோட நின்னுக்கிட்டிருந்தேன். பெரிய நர்சம்மா என்னை மேலேயும் கீழேயும் பாத்தாங்க. ஏய் சண்முகத்தாய், நீ எத்தனை கிலோன்னாங்க. நாப்பத்திரண்டுன்னேன். அவ்வளவுதான். அடுத்த வருசத்துலேர்ந்து நான்தான்.

தேதி பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். அப்புறம் ஆஸ்பத்திரியில ஒரே கல்யாணக் களைதான். எங்க ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வழி, நீங்க பாத்திருப்பீங்க. முன்வாசல் பஸ் ஸ்டாண்டு ரோட்டைப் பாத்து. எப்பவும் கூட்டம். இன்னொண்ணு மேற்கு கேட்டு, ரயில்வே லைன் சந்துப் பக்கம். பெரிய இரும்புக் கேட்டு, நீலப் பெயிண்டு. அதைத் தாண்டினா உடனே தனி வார்டு, பன்னெண்டு பெட்டு. அந்தக் கேட்டு வருசம் பூரா பூட்டித்தான் கிடக்கும். ஒத்திகைக்கு மட்டும் தொறப்பாங்க. பத்து நாளைக்கு முன்னாடி கீலுக்கு எண்ணெய் விடுவாங்க. அந்தச் சந்தைப் பெருக்கிப் பிளீச்சிங் பவுடர் போடுறதும் நான்தான், மறுநாள் அதுலயே ஸ்ட்ரெச்சர்ல போறதும் நான்தான்.

சரியா பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ் சைரன் அடிச்சுக்கிட்டே சந்துக்குள்ள திரும்பும். சைரன் கேட்டதும் கேட்டு ரெண்டு பக்கமும் விரியும். உள்ளே நாலு பேரு தலைலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்புல வரிசையா நிப்பாங்க. என்னை இறக்குவாங்க, மூக்குல மாஸ்க் வைப்பாங்க, ஓடுவாங்க. அந்த மாஸ்க்குல ஒண்ணும் வராது, வெறும் மாஸ்க்குதான். ஆக்சிஜனை வீணாக்கக் கூடாதுல்ல. வார்டுல மூணாம் நம்பர் பெட்டு என்னுது. அதுல படுக்க வச்சு விரல்ல கிளிப்பை மாட்டினதும், வந்திருக்கிற ஆபீசர் கையில இருக்கிற கடிகாரத்தை அமுக்குவாரு. கடைசி வருசம் ஏழு நிமிசம் நாப்பது செகண்டு. எல்லாரும் கைதட்டினாங்க. நான் படுத்துக்கிட்டே கண்ணு கலங்கிட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தாறு மார்க்கு. சுவர்க் கடிகாரம் ஓடலைன்னு நாலு மார்க்கைக் குறைச்சுட்டாங்க. மறுநாள் பேப்பர்ல படம். படத்துல என் காலு மட்டும்தான் தெரியும். ஆனா என் காலு எனக்குத் தெரியாதா? அந்தா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன் பாருங்க.

அன்னைக்குச் சாயங்காலம் மீட்டிங் ஹால்ல ஒரு கூட்டம். டெல்லியிலேர்ந்து ஒருத்தர் வந்திருந்தாரு, தமிழ் நல்லாப் பேசுவாரு. என்னையும் உக்கார வச்சாங்க, நோயாளியில்லையா. அவர் திரையில ஒரு பட்டியலைக் காட்டினாரு. உலகத்துல எந்தெந்த நாடு பெருவாரி நோய்க்குத் தயாரா இருக்குன்னு மார்க் போட்டு வரிசைப்படுத்தியிருந்தாங்க. பெரிய பணக்கார நாடெல்லாம் மேலே. நம்ம நாடு நடுவுல எங்கேயோ. கவலைப்படாதீங்க, உங்களை மாதிரி ஊருக்கு ஊரு இருந்தா நாமளும் மேலே போயிரலாம்னாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு இறங்கலை, அம்புட்டு சந்தோசம். நாடு மேலே போறதுல எனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு எவ நினைச்சிருப்பா? நான் கக்கூஸ் கழுவுறவ டாக்டரம்மா.

அடுத்த வருசமே கொரோனா வந்துருச்சு. டி.வி.யில பாத்தா, அந்தப் பட்டியல்ல உச்சியில இருந்த நாட்டுலயே பொணத்தை வைக்க இடமில்லாம லாரியில வச்சிருக்காங்க. குருசாமி என் வீட்டுல உக்காந்துதான் பாத்தான். அப்போல்லாம் நல்லாப் பேசுவான். என்ன மதினி, முதல் மார்க்கு வாங்கினவன் கதியைப் பாத்தீங்களான்னு சிரிச்சான். கீழே எங்கேயோ கிடந்த ஒரு சின்ன நாடு, பேரு வாயில நுழையலை, அவங்க நோய் வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள உக்காந்துட்டாங்களாம். அவங்களுக்கு ஒண்ணும் பெருசா ஆகலை. அது எப்படின்னு நான் குருசாமிகிட்டக் கேட்டேன். அவங்க பயந்தாங்க மதினி, அதான் பொழைச்சுக்கிட்டாங்கன்னான். எனக்கு அது சரியாப் படலை. பயந்தா எப்படிப் பொழைக்க முடியும்? நாங்க பயப்படவே இல்ல. எங்களுக்கு எல்லாம் தெரியுமே.

முதல் அலை எங்க ஊரை ரொம்பத் தொடலை. தெருவுல ரெண்டு பேருக்கு வந்துச்சு, போயிருச்சு. ரெண்டாவது வந்துச்சு பாருங்க, சித்திரை கடைசியில, அதுதான். அந்த நேரம் பாத்து காண்ட்ராக்டர் என்னைக் கலெக்டர் ஆபீஸ் துப்புரவுக்கு மாத்திட்டாரு. நாப்பது நாள் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை. தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் இருமல். வந்து வந்து என்னைத்தான் கேப்பாங்க, எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு. நம்ம ஆஸ்பத்திரி இருக்கும்போது வேற எங்கேன்னு சொன்னேன். மேற்கு கேட்டைப் பத்திச் சொன்னேன். ஏழு நிமிசத்தைச் சொன்னேன். தையல் கடை லூர்து போனாரு. ரேசன் கடைக்காரரோட அம்மா போனாங்க. அவங்க திரும்பி வரலைன்னா அதுக்கு நானா பொறுப்பு? நோயி அப்படி.

மாரீஸ்வரிக்குக் காய்ச்சல் வந்து அஞ்சாவது நாள். அவ என்னை விடப் பத்து வயசு சின்னவ. முப்பத்தாறுதான் இருக்கும். காலைலே விரல் மிஷினை இரவல் வாங்கி மாட்டிப் பாத்தோம். ஆக்சிஜன் எண்பத்தாறுதான் காட்டுச்சு. குருசாமி ஆஃப்செட் பிரஸ்ஸுல கட்டிங் மிஷின் ஓட்டுறவன். அவன் முதலாளி நல்ல மனுசன். பக்கத்து டவுன்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில பேசி ஒரு பெட்டு பிடிச்சு வச்சுட்டாரு. மதியம் ஒரு மணி வரைக்கும் வச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்கன்னு சொல்லி, பிரஸ் வேனையும் டிரைவரையும் அனுப்பிட்டாரு. வேன் வாசல்ல நிக்கிது. மணி பதினொண்ணேகால்.

நான்தான் கேட்டேன். அங்கே போக எம்புட்டு நேரம்? ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்னாரு டிரைவர். எண்பத்தாறுல இருக்கிறவளை ஒண்ணேகால் மணி நேரம் குலுக்கிக்கிட்டுப் போவீங்களான்னேன். இங்கே பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரி, ஏழு நிமிசம் நாப்பது செகண்டுல பெட்டுல இருப்பா. நான் படுத்த பெட்டு தம்பி, எனக்குத் தெரியாதான்னேன். குருசாமி யோசிச்சான். மாரீஸ்வரியும் அவனைப் பாத்தா. நான் கேட்டது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. சரி, மதினி ஆஸ்பத்திரிக்காரங்க, அவங்களுக்குத் தெரியும்னு அவன் வாயாலதான் சொன்னான். இன்னைக்கு அதை அவன் மறந்துட்டான்.

கிளம்புற நேரத்துல தர்ஷினி ஓடி வந்து வேன் கதவைப் பிடிச்சுக்கிட்டா. எட்டு வயசு அப்போ. நானும் வருவேன்னு அழுகை. அம்மா சாயங்காலம் போன் பேசுவா, நீ போய் அத்தை வீட்டுல இருன்னு நான்தான் கையைப் பிரிச்சு விட்டேன்.

முன்வாசல் ரோடு வழியாத்தான் போனோம். பாத்தா ரோடு வரைக்கும் சனம். ஆட்டோவுல, பைக்குல, நடுவுல ஒருத்தரை உக்கார வச்சுப் பிடிச்சுக்கிட்டு. டிரைவர் அங்கேயே நிப்பாட்டப் போனாரு. நான் விடலை. இது தெரியாத சனம் நிக்கிற இடம், நீங்க ரயில்வே லைன் சந்துக்குத் திருப்புங்கன்னேன். திருப்பினாரு. சந்துல ஒரு ஈ காக்கா இல்ல. மேற்கு கேட்டு பூட்டியிருந்துச்சு. குருசாமி முகம் மாறிருச்சு. நான் சொன்னேன், பூட்டித்தான் இருக்கும் தம்பி, சத்தம் கேட்டாத் தொறப்பாங்க. எப்பவும் அப்படித்தானே. ஆம்புலன்ஸ் சைரன் கேட்டுத்தானே தொறப்பாங்க. நம்ம வேன்ல சைரன் இல்ல. அதான் அவங்களுக்குத் தெரியலை. ஹாரன் அடிங்கன்னு டிரைவர்கிட்டச் சொன்னேன். அவரு விடாம அடிச்சாரு.

நீங்க சிரிக்கலையே? சிலபேரு இதைக் கேட்டுச் சிரிச்சிருக்காங்க. தப்பா நினைச்சுக்காதீங்க.

அஞ்சு நிமிசம் ஆச்சு. குருசாமி இறங்கிக் கேட்டைத் தட்டினான். கையால தட்டினான், அப்புறம் கல்லை எடுத்துத் தட்டினான். நான் முன்னாடி போய்ப் பாத்துட்டு வாரேன்னான். போகாதே தம்பி, தொறந்துட்டா ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க ஆள் வேணும்னேன். கேக்காம ஓடிட்டான். காம்பவுண்டைச் சுத்திக்கிட்டு முன்வாசலுக்குப் போகணும், அரைக் கிலோமீட்டர் இருக்கும். நான் வேனுக்குள்ள மாரீஸ்வரி தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவளுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்துச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு. வெளியே அக்கினி வெயில்.

அப்போ உள்ளே ஒரு சத்தம் கேட்டுச்சு. டங்கு டங்குன்னு இரும்பு உருளுற சத்தம். நான் சாமியைக் கும்பிட்டேன். தாழ்ப்பாளை நீக்குறாங்க, வந்துட்டாங்கன்னு நினைச்சேன். அந்த நேரம் குருசாமி போன் பண்றான். மதினி, இங்கே டோக்கன் கொடுக்காங்க, மூச்சுத் திணறல்னா முதல்ல பாக்காங்க, நான் வரிசையில நிக்கேன், உடனே வேனை இங்கே கொண்டு வாங்கன்னான். ரெண்டு நிமிசம் தம்பி, உள்ளே சத்தம் கேக்குது, தொறக்காங்கன்னேன். மறுபடியும் கூப்பிட்டான். அப்பவும் அதேதான் சொன்னேன். மூணாவது தடவை கூப்பிட்டப்போ என் நம்பர் வந்துருச்சு மதினின்னு கத்துறான். எனக்குக் கோபம் வந்துருச்சு. பொறு தம்பின்னு சொல்லி வச்சுட்டேன்.

என்ன சத்தமா? சிலிண்டர். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அந்தக் கேட்டுக்குப் பின்னாடி காலி சிலிண்டரை எல்லாம் அடுக்கி வச்சுட்டாங்க. வண்டி வந்தா உருட்டிக்கிட்டுப் போவாங்க. கேட்டைத் தொறக்கவே வழி இல்ல. வாட்ச்மேனை முன்வாசல் கூட்டத்தைச் சமாளிக்க மாத்திட்டாங்க. அந்தப் பன்னெண்டு பெட்டுக்கும் முன்வாசல் வழியாத்தான் ஆளைக் கொண்டுபோனாங்க. எனக்கு யாரு சொன்னா? ஆறு வருசம் அந்தக் கேட்டு வழியாப் போனவ நான். மாத்தினா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா?

டிரைவரும் சும்மா இருக்கலை. அங்கே வந்து பத்து நிமிசத்துலயே அவரு சொன்னாரு, அக்கா, இப்பவே மெயின் ரோட்டைப் பிடிச்சா ஒரு மணிக்குள்ள அந்த ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோயிருவேன்னாரு. கேட்டுத் தொறக்கிற நேரத்துல எங்கே போகச் சொல்றீங்கன்னு அவரு மேலேயும் எரிஞ்சு விழுந்தேன். அவரு மறுபடியும் ஹாரனை அமுக்கினாரு. நான் போன்ல மணியைப் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னும் ஏழு நிமிசம் பாப்போம்னு நினைப்பேன். ஏழு ஆயிரும். சரி, இன்னொரு ஏழு. அப்படியே முப்பத்தஞ்சு நிமிசம் போயிருச்சு.

கடைசியில குருசாமியே சுத்தி ஓடி வந்தான். டிரைவர் பக்கத்துல ஏறி உக்காந்து, முன்னாடி போங்கண்ணேன்னான். போனோம். அவன் நம்பரைக் கூப்பிட்டப்போ ஆள் எங்கேன்னு கேட்டிருக்காங்க. வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லிப் பாத்திருக்கான். அடுத்த நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க. அப்போ உள்ளே ரெண்டு பெட்டு காலியா இருந்துச்சாம், டோக்கன் கொடுத்த நர்சு சொன்னாங்களாம். அது சும்மா ஆறுதலுக்குச் சொல்றது. இல்ல, ஆறுதலும் இல்ல. எதுக்குச் சொன்னாங்களோ. புது டோக்கன் போட்டு, வராண்டா பெஞ்சுல படுக்க வச்சு, ரெண்டு பேருக்கு ஒரு சிலிண்டர்னு மாத்தி மாத்தி வச்சாங்க. மணி ஒண்ணு இருபதுக்கு மாரீஸ்வரி போயிட்டா. பக்கத்து டவுன் பெட்டும் அந்நேரம் வேற ஒருத்தருக்குப் போயிருக்கும்.

உடம்பைக் கொடுக்கலை. பையில சுத்தி நேரா மயானத்துக்குத்தான். பையில சுத்தினவங்க நாலு பேரும் அந்த வெள்ளை உடுப்புலதான் இருந்தாங்க. அதுல ஒருத்தன் ஒத்திகையில என் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கிறவன். என்னை அடையாளம் கண்டுக்கிட்டு, ஆயாம்மா, நீங்க என்ன இங்கேன்னு கேட்டான்.

அன்னையோட சரி. குருசாமி என் முகத்தைப் பாக்கிறதில்ல. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட என்னைக் கூப்பிடலை. தெருவுல நாலு பேரு அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. லூர்து பொண்டாட்டி இருக்காளே, அவ போய்ச் சொல்லியிருப்பா. நான் அவன் வீட்டுக்கு மூணு தடவை போனேன். மூணு தடவையும் கதவைத் தொறக்கலை. உள்ளே டி.வி. ஓடுற சத்தம் கேக்குது. நான் என்ன வேணும்னா பண்ணினேன்? கூடப் பொறந்தவ எனக்கு. அவளுக்கு நல்லது நடக்கணும்னுதானே அங்கே கொண்டுபோனேன். ஏழு நிமிசம் நாப்பது செகண்டுங்கிறது பொய்யா? ஆபீசர் கையில பிடிச்சிருந்த கடிகாரம் பொய் சொல்லுமா? உங்க ஃபைல்லயே இருக்கே.

தண்ணி குடிங்க டாக்டரம்மா. ஃபில்டர் தண்ணிதான். நீங்க ஏன் ஒண்ணும் எழுத மாட்டேங்கிறீங்க? பேனாவைத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கீங்க.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதைச் சொல்லலாமா வேண்டாமான்னுதான் இம்புட்டு நேரம் சுத்திக்கிட்டிருக்கேன். போன மாசம் பஸ் ஸ்டாண்டுல தர்ஷினியைப் பாத்தேன். ஏழாங் கிளாஸ்ஸோ எட்டாங் கிளாஸ்ஸோ, யூனிஃபார்ம்ல நிக்கிறா. அப்படியே அவ அம்மா. ஓடிப்போய் ரெண்டு வாழைப்பழம் வாங்கியாந்து நீட்டினேன். வாங்கலை. ஆனா தள்ளியும் போகலை. பெரியம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னா. கேளு தாயின்னேன். அப்பா முன்பக்கம் போயிட்டாரு, அம்மாகூட நீங்கதானே இருந்தீங்க, அம்மா கடைசியா என்ன சொன்னான்னு கேட்டா.

ஒண்ணுமே சொல்லலைம்மா, அமைதியாப் படுத்திருந்தான்னு சொன்னேன். அவ தலையை ஆட்டிட்டு பஸ்ஸுல ஏறிட்டா.

சொன்னா டாக்டரம்மா. மாரீஸ்வரி சொன்னா. ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கும்போதே என் சேலையைப் பிடிச்சு இழுத்தா. காதைக் கிட்ட கொண்டுபோனேன். அக்கா, முன்பக்கம் போவோம்க்கா, எனக்கு முடியலைன்னா. ரெண்டு தடவை சொன்னா. டிரைவருக்குக் கேட்டுச்சோ என்னமோ, தெரியாது. குருசாமி அங்கே இல்ல. அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒத்திகையில எனக்கு அவங்க சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். பேசினா மூச்சு வீணாகும்டி, நோயாளி பேசக் கூடாது, கண்ணை மூடிப் படு, அக்கா பாத்துக்கிடுதேன்னேன். அவ சின்னப் பிள்ளையிலேர்ந்தே நான் சொன்னதைக் கேக்கிறவ. கண்ணை மூடிக்கிட்டா. அதனால தர்ஷினிகிட்ட நான் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. அதுக்கப்புறம் அவ வாயைத் தொறக்கவே இல்ல.